மிகச் சிறிய குறைமாதக் குழந்தையின் ரத்த அழுத்தம்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

28 வாரம் நிறைவதற்குள், ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்த குழந்தை பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) இருக்கிறது. உள்ளே போகும் அம்மா அப்பா குழந்தையைவிட மானிட்டரைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். "பிரஷர் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பிறந்த முதல் மூன்று நாளைப் பற்றித்தான் அதிகம் வரும். குழப்பமும் பயமும் அப்போதுதான் அதிகம்.

மானிட்டரில் 38/21, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 27 என்று இருக்கிறது. எதைப் பார்ப்பது?

அடைப்புக்குறிக்குள் இருக்கும் 27-ஐ. அது சராசரி ரத்த அழுத்தம். இதயம் சுருங்கும்போது 38, தளரும்போது 21, இரண்டும் சேர்ந்த ஒரு துடிப்பின் சராசரி 27. இவ்வளவு சிறிய குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பேசுவதும் கேஸ் ஷீட்டில் எழுதுவதும் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான்.

பெரியவர்களின் 120/80-ஐ மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் 27 என்பது சாதாரணமாகப் பார்க்கிற அளவு. பிறந்த சில மணி நேரத்தில்தான் பிரஷர் மிகவும் கீழே இருக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில், பெரும்பாலான குழந்தைகளில், மருந்து எதுவும் இல்லாமலே மெல்ல ஏறும்.

எவ்வளவுக்குக் கீழே போனால் 'குறைவு'?

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் எல்லை இன்றுவரை கிடையாது. கையில் இருப்பவை இரண்டு விதிகள்.

ஒன்று, குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்ததோ அந்த எண்ணுக்குக் கீழே சராசரி அழுத்தம் போகக்கூடாது என்பது. 25 வாரம் என்றால் 25. இது 1992-இல் பிரிட்டனில் வெளியான பரிந்துரையிலிருந்து பரவியது. நினைவில் வைக்க எளிது, உலகம் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்று 30 என்ற எல்லை. 1987-இல் பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சராசரி அழுத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் 30-க்குக் கீழே இருந்த குழந்தைகளுக்கு மூளையில் கடுமையான பாதிப்பு அதிகம் காணப்பட்டது. அங்கிருந்து வந்தது இந்த எண்.

மேலே சொன்ன 26 வாரக் குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விதிப்படி 27 சரி, இரண்டாவது விதிப்படி 27 குறைவு. அதே குழந்தைதான், அதே நிமிடம்தான். இந்த எல்லைக்குக் கீழே போனவுடன் மருந்து கொடுத்தால் குழந்தை நன்றாக இருக்கும் என்று சோதித்துப் பார்த்து வந்த எண்கள் இல்லை இவை. அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

அந்த எண்ணையாவது முழுசாக நம்பலாமா?

எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. தொப்புள்கொடியில் இருக்கும் தமனிக்குள் மெல்லிய குழாய் போட்டு நேரடியாக அளப்பதுதான் நம்பகமான முறை. அதிலும் குழாயோடு இணைந்த டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை உணரும் கருவி) குழந்தையின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். குழந்தையின் படுக்கையை ஏற்றி இறக்கிவிட்டு டிரான்ஸ்டியூசரைச் சரிசெய்ய மறந்தால் எண் மாறிவிடும். குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தால்கூட மானிட்டரில் ஓடும் அலை மழுங்கிப் போகும். அனுபவமுள்ள நர்ஸ் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அலையின் வடிவத்தைத்தான் பார்ப்பார்.

கையிலோ காலிலோ கட்டும் கஃப் இன்னொரு முறை. இதற்குரிய கஃப் பெரியவர்களின் கட்டைவிரலைச் சுற்றிக் கட்டும் அளவுக்குத்தான் இருக்கும். அதன் அகலம் குழந்தையின் கைச்சுற்றளவில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். சின்னதாகக் கட்டினால் பிரஷர் அதிகமாகக் காட்டும், பெரிதாகக் கட்டினால் குறைவாகக் காட்டும். குழந்தை அழும்போது எடுத்தால் அதுவும் தப்பு. இன்னொரு விஷயம்: உண்மையான பிரஷர் மிகவும் இறங்கியிருக்கும்போது கஃப் அதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுவது உண்டு. எனவே ஒரு தடவை வந்த எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

ஏன் குறைகிறது? ரத்தம் போதவில்லையா?

ரத்தம் போதாமல் பிரஷர் குறைவது நாம் நினைக்கிற அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை. பிரசவத்தில் ரத்தம் போயிருந்தாலோ நஞ்சுக்கொடி (பிளசென்டா) முன்கூட்டியே பிரிந்திருந்தாலோ அது நடக்கும், அப்போது அது அவசரமான விஷயம்தான். மற்றபடி வேறு காரணங்களே அதிகம்.

கருப்பையில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக ரத்தம் ஓடுவது இதயத்துக்குச் சுலபம். கொடியை வெட்டியதும் அந்த வழி அடைபட்டு, இதயம் தள்ள வேண்டிய எதிர்ப்பு சட்டென்று கூடுகிறது. 25 வார இதயத்தின் தசை அதற்குத் தயாராக இல்லை. பிறந்த பிறகு மூட வேண்டிய டக்டஸ் என்ற குழாய், நீங்கள் 'பி.டி.ஏ.' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், திறந்தே இருந்தால் உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போய்விடும். வென்டிலேட்டரின் அழுத்தம் தேவைக்கு மேல் இருந்தால் மார்புக்குள் ரத்தம் திரும்பி வருவது தடைபடும். அட்ரினல் சுரப்பி இன்னும் முதிராததால் பிரஷரைத் தாங்க உதவும் கார்ட்டிசால் ஹார்மோன் போதாமல் போகலாம். கிருமித்தொற்றும் இருக்கலாம். நல்ல மருத்துவர் பிரஷர் குறைந்ததும் மருந்தைத் தேடுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாக யோசிப்பார். சில நேரம் வென்டிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தாலே போதும்.

பிரஷர் குறைந்தால் மூளையில் ரத்தக்கசிவு வருமா?

எல்லோரும் கேட்க நினைப்பது இதைத்தான். பாதிப் பேர் வாய்விட்டுக் கேட்பதில்லை.

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் மூளை அறைகளை ஒட்டி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு மென்மையான திசு இருக்கும். மாதம் நிறையும்போது அது தானாகவே மறைந்துவிடும். அதுவரை அந்தக் குழாய்களின் சுவர் பலவீனம். கசிவு வந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள் வந்துவிடும். தலை ஸ்கேனில் அதை நான்கு நிலைகளாகச் சொல்வார்கள். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் பெரிய தொந்தரவு தருவதில்லை. மூன்றும் நான்கும்தான் கவலைக்குரியவை.

நம் உடம்பில் பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறாது, மூளை தானே சரிசெய்துகொள்ளும். இந்தக் குழந்தைகளிடம் அந்தத் திறன் அரைகுறையாகத்தான் இருக்கிறது. பிரஷர் மிகவும் இறங்கினால் மூளைக்கு ரத்தம் குறையலாம். அதேபோல் கீழே இருந்த பிரஷர் வேகமாக ஏறினாலும் அந்தப் பலவீனமான குழாய்கள் கசியலாம். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடிக் குறைவதும் இதில் பங்கு வகிக்கிறது. பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக அலைபாயாமல் இருப்பது, அது எவ்வளவு என்பதற்குச் சமமாக முக்கியம்.

சரி, பிரஷர் குறைந்த குழந்தைகளுக்கெல்லாம் மூளை பாதிக்கிறதா? அமெரிக்காவில் 2002 முதல் 2004 வரை, 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை 'எல்கன்' என்ற ஆய்வில் பின்தொடர்ந்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் பிரஷர் குறைவாக இருந்ததற்கும், ஸ்கேனில் தெரிந்த மூளை வெண்பகுதிச் சேதத்துக்கும், இரண்டு வயதில் பெருமூளை வாதத்துக்கும் (செரிப்ரல் பால்சி) தொடர்பு தெரியவில்லை என்று 2011-இல் வெளியிட்டார்கள். தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் மிகவும் சுகவீனமாகப் பிறந்த குழந்தைக்குப் பிரஷரும் குறையும், மூளையும் பாதிக்கும். ஒன்று மற்றதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. "பிரஷர் குறைந்தது, அப்போ மூளை போயிருக்குமோ" என்ற கணக்கு மட்டும் வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை.

மருந்து கொடுத்துப் பிரஷரை ஏற்றிவிட்டால் நல்லதுதானே?

பிரஷரை ஏற்றும் மருந்தான டோபமைன் கொடுத்தால் எண் ஏறும், அதில் சந்தேகமில்லை. குழந்தை பிழைப்பதும் நன்றாக வளர்வதும் அதனால் கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், செடிக்குப் போகும் தண்ணீர் குறையும். டோபமைன், அதுவும் அளவு கூடும்போது, ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் அழுத்தத்தை ஏற்றுகிறது. ரத்த ஓட்டம் அதே அளவுக்குக் கூடும் என்று சொல்ல முடியாது. சிட்னியில் மருத்துவர்கள் மார்ட்டின் க்ளக்கோவும் நிக் எவன்ஸும் தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) அளந்து பார்த்தார்கள். பிரஷர் சரியாக இருந்த சில குழந்தைகளிடம் ஓட்டம் மோசமாக இருந்தது, பிரஷர் குறைந்த சில குழந்தைகளிடம் ஓட்டம் நன்றாக இருந்தது. நமக்கு வேண்டியது ஓட்டம். பிரஷர் அளக்க எளிது என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நேரடியாகச் சோதித்துப் பார்க்கவும் முயன்றார்கள். அயர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் பல நாடுகளில் நடந்த 'ஹிப்' ஆய்வில், 28 வாரத்துக்கு முன் பிறந்து பிரஷர் குறைந்த குழந்தைகளில் ஒரு பாதிக்கு டோபமைன், மறுபாதிக்கு மருந்தில்லாத திரவம். 830 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள், சேர்ந்தது 58 பேர்தான். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2021-இல் வந்த முடிவின்படி, கடுமையான மூளைப் பாதிப்பு இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் டோபமைன் பக்கம் 29-க்கு 18, மறுபக்கம் 29-க்கு 20. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இதற்கு முன்பு நடந்த ஒரு முன்னோட்ட ஆய்வில் 10 குழந்தைகள் மட்டுமே சேர்ந்தார்கள். அவசர அவசரமாகப் பிரசவம் முடிந்து, அம்மா இன்னும் தியேட்டரை விட்டு வெளியே வராத நேரத்தில், அப்பாவிடம் போய் ஆய்வுக்குக் கையெழுத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் காரணம் புரியும்.

பிரான்ஸில் 2011-இல் பிறந்த குறைமாதக் குழந்தைகளின் 'எபிபாஜ்-2' ஆய்வில், பிரஷர் மட்டும் குறைந்திருந்து சிகிச்சை பெற்ற குழந்தைகள், சிகிச்சை பெறாத ஒத்த குழந்தைகளைவிட நன்றாக இருந்தார்கள். அமெரிக்கத் தரவுகளிலோ சிகிச்சை பெற்றவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர்களே தீர்மானித்த கணக்கெடுப்புகள் இவை இரண்டும். எனவே மருந்தின் பலன் எது, குழந்தையின் நோயின் பலன் எது என்று பிரிப்பது கடினம்.

ஒரு மருத்துவமனையில் உடனே மருந்து போட்டார்கள், இன்னொன்றில் "பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மேலே சொன்னதெல்லாம் தெரிந்தால் இந்த வேறுபாடு ஆச்சரியம் தராது. எல்கன் ஆய்வில் கலந்துகொண்ட மருத்துவமனைகளிலேயே சில இடங்களில் பத்தில் மூன்று குழந்தைகளுக்குச் சிகிச்சை, சில இடங்களில் ஏறக்குறைய எல்லோருக்கும். குழந்தைகள் அவ்வளவு வித்தியாசமானவர்கள் இல்லை. மருத்துவமனைகளின் வழக்கம்தான் வித்தியாசம்.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். எண் குறைவு, ஆனால் குழந்தையின் நிறம், சிறுநீர், ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருந்தால் மருந்தில்லாமல் கவனிக்கலாம் என்ற அணுகுமுறையை மான்ட்ரியாலில் பின்பற்றிய மருத்துவர்கள் 2009-இல் தங்கள் அனுபவத்தை எழுதினார்கள். அப்படி விடப்பட்ட குழந்தைகள், பிரஷர் சரியாக இருந்த குழந்தைகளுக்குக் குறையாமல் இருந்தார்கள். என் மனது இந்தப் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: பொறுத்துப் பார்ப்பவர் உண்மையிலேயே பக்கத்தில் இருந்து, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போ எப்போது கவலைப்பட வேண்டும்?

குறைந்த பிரஷரோடு வேறு அறிகுறிகளும் சேரும்போது. மார்பில் விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் மூன்று விநாடிக்கு மேலாகியும் சிவக்கவில்லை. தோல் சாம்பல் நிறமாகவோ திட்டுத் திட்டாகவோ இருக்கிறது. இதயத்துடிப்பு விடாமல் வேகமாக ஓடுகிறது. சிறுநீர் ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்குக் கீழே போகிறது. இந்தக் கடைசி அறிகுறி மட்டும் முதல் நாளில் அவ்வளவு உதவாது, அன்றைக்கு எல்லாக் குழந்தைக்கும் சிறுநீர் குறைவுதான். ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் பொருள்) ஏறிக்கொண்டே போவதும் அமிலத்தன்மை கூடுவதும் இன்னும் நம்பகமான சைகைகள். இவை சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

"பிரஷர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "லாக்டேட் எப்படி இருக்கு? யூரின் போகுதா? எக்கோ பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். குழந்தையின் நிலை அதில்தான் தெரியும்.

சலைன் ஏற்றினால் போதாதா?

ரத்தம் போயிருந்தால் ஏற்றியே ஆக வேண்டும். அப்படி இல்லாதபோது வழக்கமாக எல்லோருக்கும் ஏற்றுவதில் பலன் இல்லை. பிரிட்டனில் 776 குறைமாதக் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்தவுடன் பிளாஸ்மா, சிலருக்கு வேறு திரவம் கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1996-இல் வந்த முடிவில், இரண்டு வயதில் எந்த வித்தியாசமும் இல்லை.

அளவையும் யோசியுங்கள். 700 கிராம் குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் ஏறக்குறைய 60 மில்லி. ஒரு தடவை கொடுக்கும் சலைன் வழக்கமாக கிலோவுக்கு 10 மில்லி, அதாவது இந்தக் குழந்தைக்கு 7 மில்லி. கேட்பதற்குத் துளியாகத் தோன்றும். ஆனால் அவன் ரத்தத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால்தான் அதை அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்றுகிறார்கள். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு அரை மில்லி ரத்தத்தையும் நர்ஸ்கள் குறித்து வைப்பதும் இதே காரணத்தால்தான்.

டோபமைன் தொடங்கிவிட்டார்கள். பயப்பட வேண்டுமா?

வேண்டாம். பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து. நிமிடக் கணக்கில் வேலை செய்து, நிறுத்தினால் நிமிடக் கணக்கில் போய்விடும், ஆகவே கட்டுப்படுத்த எளிது. பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் மையக் குழாய் வழியாகக் கொடுப்பது நல்லது. கையில் போட்ட ஊசி வழியாகப் போனால் தோலுக்கடியில் கசிந்து புண்ணாகலாம். இதயம் சுருங்கும் திறன்தான் குறைவு என்று எக்கோவில் தெரிந்தால் டோபுடமைன் என்ற வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிறார்களே?

இது ஒரு ஸ்டீராய்டு மருந்து. மற்ற மருந்துகளுக்கு அசையாத பிரஷர் இதற்குப் பல நேரம் ஏறிவிடும். பி.டி.ஏ.வுக்குக் கொடுக்கும் இண்டோமெதசினோடு சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் அபாயம் கூடுகிறது. உங்கள் குழந்தைக்கு இரண்டும் வேண்டியிருந்தால், மருத்துவர் அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்பதில் தவறே இல்லை.

பிறப்பதற்கு முன்பே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பிறகு போடும் எந்த மருந்தையும்விட உறுதியான ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. குறைப்பிரசவம் வரும் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நுரையீரலுக்கு மட்டுமல்ல, மூளை ரத்தக்கசிவைக் குறைக்கவும் உதவுகிறது. பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கு வருகிறது, இறப்பும் குறைகிறது. காத்திருக்க நேரமில்லை என்று கொடியைப் பிழிந்து ரத்தத்தைத் தள்ளுவது மட்டும் 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு ஆகாது. 2019-இல் வெளியான ஆய்வில், அப்படிச் செய்த மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கடுமையான மூளை ரத்தக்கசிவு 22 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 6 சதவீதம். ஆய்வையே நிறுத்திவிட்டார்கள்.

குழந்தையைத் தொட்டால் பிரஷர் மாறுமா?

திடீரென்று அசைத்தால், வலித்தால், அழுதால் மாறும். கையை நன்றாகக் கழுவி, உள்ளங்கையை அசைக்காமல் தலையிலும் காலிலும் வைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. எப்போது தொடலாம், எப்போது மார்போடு அணைக்கலாம் என்பதைப் பக்கத்தில் இருக்கும் நர்ஸிடமே கேளுங்கள்.

இப்போது பிரஷர் குறைவு. பெரியவனானால்?

பலருக்கு வியப்பாக இருக்கும்: பிற்காலத்தில் வருவது பெரும்பாலும் எதிர்ப்பிரச்சினை. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கருவில் 34 முதல் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கும். முன்னதாகப் பிறந்தால் அவை எண்ணிக்கையில் குறைந்துபோகலாம். 1500 கிராமுக்குக் கீழே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு, நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிட மேல் பிரஷர் சராசரியாக 3 புள்ளி போலக் கூடுதல் என்று பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு சொல்கிறது. தனி ஒருவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம்.

மற்ற குழந்தைகளுக்கு மூன்று வயதிலிருந்து பிரஷர் பார்த்தால் போதும். 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், தொப்புள் தமனியில் குழாய் போட்டவர்களுக்கும் அதற்கு முன்பிருந்தே ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவக் கழகம் 2017-இல் பரிந்துரைத்தது. உள்ளூர் மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, தொப்புளில் குழாய் இருந்ததா என்ற மூன்றையும் நீங்களாகவே சொல்லி, "பிரஷர் பார்த்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். குழந்தை அளவு கஃப் அங்கே இல்லையென்றால், அது இருக்கும் இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.